சோத்தாங்கைப் பக்கம்

“ரீட்டா, நீ அந்த ஓரத்துக்குப் போ.”

“வூட்லதான் ஓரம்னா காட்டுக்கு வந்துமா அண்ணி?”

“உன் முழங்கை இடிச்சா என் இட்லி ஆத்தோட போயிடும். போடி.”

லீமா சொன்னதில் பொய் இல்லை. ரீட்டா இடது கையால் சாப்பிடுகிறவள். சின்ன வயதில் அவள் அம்மா கரண்டிக் காம்பால் அடித்துப் பார்த்தாள், பங்குச் சாமியாரை விட்டுப் புத்தி சொல்ல வைத்தாள், கை கேட்கவில்லை. லீமா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, எந்தப் பந்தியானாலும் நாத்தனாருக்கு இடது ஓரம்தான்.

இருவரும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். லீமா கோப்பைக்குக் காது ஒட்டுவாள். ஒட்டிய இடத்தை ரீட்டா ஈரப் பஞ்சால் வழித்துவிடுவாள். அப்படிப்பட்டவர்கள் லீவு போட்டுவிட்டு, மலை தாண்டி, கேரளக் காட்டுக்குள் ஜீப் மட்டுமே போகிற ஓர் ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒரு படகு.

போன ஐப்பசியில் மணிமுத்தாறு அவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. வருசத்தில் பெரும்பாலும் மணலும் கருவேல முள்ளுமாகக் கிடக்கிற ஆறுதான். வரும்போது யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. தெருவின் ஆம்பிளைகளில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள், லீமாவின் புருசன் ஜோவும் சேர்த்து. எதிர்வீட்டு வீராயிக்கு அன்றைக்குத்தானா இடுப்புவலி எடுக்க வேண்டும்? கோப்பை காயவைக்கிற நீளப் பலகையில் அவளைக் கிடத்தி, மார்பளவுத் தண்ணீரில் லீமாவும் இன்னும் சில பெண்களும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பலகை சாய்ந்தது. வீராயி லீமாவின் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ நிமிர்த்திவிட்டார்கள். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பலகை சாய்ந்த அந்தக் கணம் மட்டும் லீமாவின் தோளை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் படகு தருவதாகச் சொன்னது. இருந்தது ஒரே படகு. இழுக்கிற தண்ணீரில் அதை ஓட்டக் கற்றுத் தேறிய இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். முதலில் கேட்டது லீமாவின் தெரு. இவர்கள் தேறாவிட்டால் படகு நல்லூருக்கு. நல்லூர்க்காரன் பழமலைநாதனும் அவன் மச்சானும் நேற்றே தேறிவிட்டு, இன்றைக்கு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

“அக்கா, படகு நிறுத்த எங்க ஊருல எடம் பாத்து வெச்சுட்டோம்” என்றான் பழமலைநாதன்.

“பாத்த எடத்துல எருமையக் கட்டுப்பா” என்றாள் லீமா.

பயிற்சி கொடுத்த சேரன் கோயமுத்தூர்க்காரர். பேச்சில் மரியாதை குறையாது, கண்டிப்பும் குறையாது.

“இன்னைக்கு அம்மிக்கல்லத் தாண்டோணுமுங்க. கவுந்தா இன்னொரு தடவ. அதுலயும் கவுந்தா, அவ்வளவுதானுங்க.”

அம்மிக்கல் என்பது ஆற்றின் நடுவில் கிடக்கிற பெரிய பாறை. அதன்மேல் மோதித் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகச் சிதறும். பாறைக்கு இடது பக்கம் மட்டும் படகு நுழைகிற அளவுக்கு ஒரு மடை உண்டு. படகில் முன்னால் ரீட்டா, அவள் துடுப்பு இடது பக்கம். பின்னால் லீமா, அவள் துடுப்பு வலது பக்கம். முன்னால் இருக்கிறவள் பாறையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். பின்னால் இருக்கிறவள் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அமைதியான தண்ணீரில் லெஃப்ட், ரைட் என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

“லெஃப்ட்டு அண்ணி… ரைட்டு… ரைட்டு…”

முதல் வளைவு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வளைவு திரும்பியதும் ஆறு பள்ளத்தை நோக்கிக் குனிந்துகொண்டது. தண்ணீர் ரீட்டாவின் முகத்தில் அறைந்தது. அவள் அலறினாள்.

“சோத்தாங்கை! சோத்தாங்கைப் பக்கம் அண்ணி!”

லீமா யோசிக்கவில்லை. கை தானாக வலது பக்கம் திருப்பியது. அங்கே அம்மிக்கல் நின்றது.

படகு பாறையில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சாய்ந்தது. அந்தப் பலகை சாய்ந்த மாதிரியே. அப்புறம் வானம் இல்லை, சத்தம் இல்லை, குளிர்ந்த தண்ணீர் மட்டும். மிதவைச் சட்டை லீமாவை மேலே தூக்கியபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை “ரீட்டா!”

“இங்கதான் இருக்கேன்! கயித்தப் புடிங்க!”

சேரன் வீசிய கயிற்றைப் பிடித்து இருவரும் கரைக்கு வந்தார்கள். மூச்சு வந்ததும் சண்டையும் வந்தது.

“சோத்தாங்கைன்னு நீதானே கத்துன?”

“ஆமா. நீங்க எதுக்குப் பீச்சாங்கைப் பக்கம் திருப்புனீங்க?”

“நான் சோத்தாங்கைப் பக்கம்தான்டி திருப்புனேன்!”

ரீட்டா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இது என்னா?”

“பீச்சாங்கை.”

“எந்தக் கை சோறு திங்குதோ அதுதானே சோத்தாங்கை? இத்தினி வருசமா நான் எதால திங்கிறேன்னு பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? ஓரத்துல வேற உக்கார வெக்கிறீங்க!”

பழமலைநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரப் புடவைத் துணியைப் பிழிவதுபோலத் தன் கைகளையே பிழிந்துகொண்டிருந்தாள்.

“போதும் ரீட்டா. என்னால முடியல. பலகை சாஞ்ச மாதிரியே சாஞ்சுது. படகு நல்லூருக்கே போவட்டும்.”

“வீராயிகிட்ட என்னா சொல்றது? அடுத்த மழைக்கும் பலகையத் தொடச்சு வெய்யின்னா?”

லீமா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“லெஃப்ட்டுன்னு கத்துனா என்னாடி?”

“தண்ணி மூஞ்சில அறையுறப்ப இங்கிலீசு எங்கேர்ந்து அண்ணி வரும்?”

“பின்ன என்னாதான் வரும்?”

“அண்ணின்னுதான் வரும். பயந்தா வேற எனக்கு என்னா வருது?”

லீமா அவளையே பார்த்தாள்.

“அப்ப அதையே கத்து. அண்ணின்னா என் துடுப்புப் பக்கம். ரீட்டான்னா உன் துடுப்புப் பக்கம்.”

“என் பேர நானே கூவிக்கிறதா? பாக்கிறவங்க என்னா நெனப்பாங்க?”

“நல்லூர்க்காரங்க நெனச்சுக்கட்டும். ஏறு.”

இரண்டாவது முறை வளைவில் ஆறு குனிந்தபோது லீமா துடுப்பை இறுக்கிப் பிடித்தாள். மாதாவே என்று முணுமுணுத்தாள். முன்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணி!”

வலது பக்கம் திருப்பினாள். ஒரு சின்னப் பாறை உரசாமல் விலகிப் போனது.

“அண்ணி! அண்ணி! இன்னும் அண்ணி!”

தண்ணீர் முகத்தில் அறைந்தது. எதிரே அம்மிக்கல், யானை முதுகுபோல.

“ரீட்டா! ரீட்டா! ரீட்டா!”

லீமா துடுப்பை எட்டிச் செருகி, உடம்பு முழுவதையும் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தாள். படகின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. படகு சாய்ந்தது. ரீட்டாவின் துடுப்பு தண்ணீரை அழுத்தித் தாங்கியது. படகு நிமிர்ந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெள்ளை நுரை, நடுவில் அந்த மடை இருவரையும் வாரி எடுத்துக் கீழே அமைதியான தண்ணீரில் வைத்தது.

அதே நேரம் லீமாவின் தலையில் சேரன் வீசிய கயிறு வந்து விழுந்தது.

“எதுக்குங்க கயிறு?” என்று கத்தினாள்.

“அண்ணி அண்ணின்னு அலறுனாங்களே! ஒருத்தர் உள்ள போயிட்டீங்கன்னு நெனச்சேனுங்க!”

“அது வழி சொன்னது!” என்றாள் ரீட்டா.

“அப்ப அவிய பேர அவியளே கூப்பிட்டது?”

“அதுவும் வழிதான்!”

சேரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். “என்னமோ போங்க. தேறிட்டீங்க.”

கரையிலிருந்து பழமலைநாதன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூவினான்: “அக்கா! அந்த எடத்துல எருமையே கட்டிக்கிறேன்!”

கரையேறியதும் லீமா ஈரக் கையோடு வீராயிக்குப் போன் போட்டாள். “படகு வருது. எங்க வெக்கலாம்?” அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம், கூடவே வீராயியின் குரல்: “எங்க வூட்டு வாசல்லயே போடுங்கக்கா. பலகைய அடுப்புக்கு வெட்டிடுறேன்.”

“ஐயோ, வெட்டிடாத! அது பட்டறைப் பலகை!”

மத்தியானம் பெஞ்சில் இலை போட்டார்கள். ரீட்டா பழக்கப்படி இடது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். லீமா சுற்றிக்கொண்டு வந்து, “தள்ளு” என்று அவளை உள்ளே நகர்த்திவிட்டு, அந்த ஓரத்தில் தான் உட்கார்ந்தாள். முதல் கவளத்திலேயே முழங்கைகள் இரண்டும் இடித்தன. ரசம் சிந்தியது.

“நான்தான் சொன்னேனே அண்ணி…”

“இடிச்சா இடிக்கட்டும். உன் சோத்தாங்கையும் என் சோத்தாங்கையும் பேசிப் பழகட்டும். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்குது.”