இறங்குகிற ஜீப்

தாரிணி எழுதிய விளையாட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஜெயித்தார்கள். ஊட்டிக்காரர்கள் ஒருவர் விடாமல் தோற்றார்கள். மலைப்பாதை விளையாட்டில் மலைக்காரர்கள் தோற்கும் அநியாயம் எங்காவது உண்டா? காரணம் தெரியாமல் அவளுக்கு மண்டை காய்ந்தது.

ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் அவள் அப்பா மயில்சாமிக்கு வண்டி உதிரிபாகக் கடை. தாரிணி அங்கே பிரேக் ஷூவும் ஃபேன் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பாள். கூட்டம் ஓய்ந்தால் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். புரோகிராமிங் எல்லாம் வீடியோ பார்த்து அவளாகவே கற்றது. கோவையில் ஒரு கேம் கம்பெனி, புதிதாகக் கற்பவர்களில் ஒருவரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்த் தன் விளையாட்டைக் காட்ட வேண்டும்.

"இந்த ஒருவாட்டி போய்ப் பாரு அம்முணி" என்றார் மயில்சாமி. "கெடைக்குலீன்னா பொட்டிய மூடி வெச்சுப்போட்டு கடையப் பாத்துக்கோணும். செரியா?"

"செரிங்கப்பா. ஆனா கெடைக்குமுங்க."

அவளுக்கு வாய் எப்போதும் ஒரு படி முன்னால்தான் போகும். சொன்னதைச் செய்து முடிக்கவும் செய்வாள் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

விளையாட்டு எளிது. மலைச்சாலையில் ஒரு ஜீப் கீழே இறங்க வேண்டும். போன் திரையில் விரலை வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். எதிரே பஸ்ஸும் லாரியும் ஏறி வரும். நேரம் முடிவதற்குள் அடிவாரம் போய்ச் சேர்ந்தால் வெற்றி.

கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அத்தை மகன் தீபக் முதல் ஆட்டத்திலேயே இறங்கிவிட்டு, "செம ஈஸி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். கடைக்கு எதிரே ஜீப் போட்டிருக்கும் பாலனோ மூன்றாவது வளைவைக்கூடத் தாண்டவில்லை. இந்த மலையிலேயே வண்டி ஓட்டித் தலை நரைத்தவர், முகம் சிவந்துவிட்டது. பாவம், விரலுக்கு வேகம் போதவில்லை என்று தாரிணி நேரத்தைக் கூட்டினாள். அப்போதும் தோற்றார். சாலையை அகலப்படுத்தினாள்.

"ஏனுங் அம்முணி, இத்தன அகலம் பண்ணிப்போட்டா இது நம்மூரு ரோடா? ஏரோப்ளேனே எறக்கலாமாட்ட இருக்குது!" என்றார் பாலன்.

சாலையைப் பழையபடி குறுக்கினாள். பக்கத்து பேக்கரி ஐவிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது; பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதோடு சரி. அவளும் பாலன் தோற்ற அதே வளைவில் தோற்றாள்.

அடுத்து தாரிணியே ஆடினாள். இந்த முறை ஜீப்பைப் பார்க்காமல் தன் விரலையே பார்த்தாள். வளைவில் பஸ் தலை காட்டியதுமே கட்டைவிரல் தானாகத் திரையை விட்டு எழுந்துவிட்டது. பஸ் ஏறிப் போகட்டும் என்று ஜீப் நின்றது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அத்தனை பேர் விரலுக்கும் தெரியும். தீபக் மாதிரி கோவைக்காரர்கள் மட்டும்தான் பஸ்ஸை மிரட்டி ஒதுக்கிவிட்டு இறங்கியிருக்கிறார்கள். எங்கோ கார் ரேஸ் கேம் எழுதச் சொல்லிக்கொடுத்த வீடியோவைப் பார்த்து அவள் எழுதிய விதி, முந்துகிறவனுக்கு முதுகில் தட்டிக்கொடுத்து, நிற்கிறவனுக்கு அபராதம் போட்டது. தன் ஊர்க்காரர்களைத் தானே தோற்கடித்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

விதியைத் தலைகீழாக்கினாள். வழிவிட்டு நிற்கும்வரை கடிகாரமும் நிற்கும்; எதிர்வண்டி தாண்டியதும் மறுபடி ஓடும். முட்டிக்கொண்டு போனால் இரண்டு வண்டியும் வளைவில் சிக்கும். ஜீப் ரிவர்ஸில் ஏற வேண்டும். பாலன் முதல்முறையாக அடிவாரம் சேர்ந்து, ஜீப் ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவையில், தேர்வு செய்யும் ஞானசுந்தரி மேடம் அவள் போனை வாங்கி வேகமாக ஜீப்பை இறக்கினார். வளைவில் பஸ்ஸோடு முட்டி, ரிவர்ஸில் ஏறி, நேரத்தை விட்டார்.

"நிக்கிறதுக்கு எதுக்கும்மா ஒரு கேம்? மத்ததெல்லாம் நல்லாருக்கு. அந்த விதிய மட்டும் எடுத்துடு, உன்ன வேலைக்கு எடுத்துக்கலாம்."

எடுப்பது ஒரு நிமிட வேலை. கடையும் கல்லாவும் அப்பா சொன்னதும் கண்முன் வந்து போயின. ஆனாலும் தாரிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுக்க மாட்டனுங்க மேடம். எடுத்தா எங்கூர்ல ஒருத்தரும் ஜெயிக்க முடியாதுங்க. இன்னொருவாட்டி, நின்னு ஆடிப் பாருங்க."

அவர் புருவத்தை உயர்த்தினார். ஆனால் ஆடினார். வளைவில் விரலை எடுத்தார். பஸ் உறுமிக்கொண்டு மெல்ல ஏறி ஜீப்பைத் தாண்டியது. தாண்டும்போது அதன் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நன்றியாக ஒரு தடவை உயர்த்திக் காட்டினார்.

ஞானசுந்தரி தன்னையறியாமல் பதிலுக்குக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையோடு, பஸ் மறையும்வரை சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"அய்யய்யோ, போச்சே!"

"என்ற தப்புதானுங்க மேடம்" என்றாள் தாரிணி. "கை காட்டறதுக்கும் நேரம் குடுத்திருக்கோணும். இன்னிக்கே ஊட்டுக்குப் போயி சேத்திப்போடறனுங்க."

"வீட்ல வேண்டாம்" என்றார் ஞானசுந்தரி, போனைக் கொடுக்காமலே. "நாளைக்கு இங்க வந்து, உன் சீட்ல உக்காந்து சேத்துடு."