சட்டைப் பையைத் தொடாத ஆறு பேர்

அந்த ஜப்பான் படத்தை நான் முதுகால்தான் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் நான் நர்சரி டீச்சர். விடுமுறை நாளில் கிளப் ஹாலில் படம் போட்டால், குழந்தைகளைத் திரைக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, அவர்களைப் பார்த்தபடி ஒரு முக்காலியில் நான் உட்கார வேண்டும். சம்பளம் கிடையாது. பெற்றவர்கள் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருக்க, யாராவது ஒருத்தி காவல் காக்க வேண்டுமே! அந்தக் கூட்டத்தில் என் மகள் பாப்பாவும் உண்டு.

குடியிருப்பு என்றால் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களின் குடியிருப்பு. வீடும் நிலையத்துடையது, குழாயில் வரும் தண்ணீரும் நிலையத்துடையது, நான் உட்கார்ந்திருந்த முக்காலியும் நிலையத்துடையது. அப்படிப்பட்ட இடத்தில், கதிர்வீச்சு பட்டு மலையளவு வளர்ந்த கடல் பிராணி ஒன்று ஊரை மிதிக்கிற படத்தைக் கொண்டுவந்து போட எங்கள் கிளப் செயலாளரால்தான் முடியும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. போஸ்டரில் பெரிய பல்லி மாதிரி ஏதோ இருந்ததாம், குழந்தைகள் படம் என்று நினைத்துவிட்டாராம். கதை என்னவென்று தெரிந்ததும் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஜப்பான்காரர்களை நம் மொழியில் பேசவைத்திருந்தார்கள். வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டே இருந்ததாம், அதற்கே ஒரு சிரிப்பு. பிராணி கடலிலிருந்து தலையைத் தூக்கியபோது என் எதிரே இருந்த வாண்டுகள் வீல் என்று அலறின. அடுத்த நிமிடமே அதற்குக் குண்டு மாமா என்று பெயர் வைத்துவிட்டன. திரை வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழுந்ததால், யார் பயப்படுகிறார், யார் பயப்படாத மாதிரி நடிக்கிறார் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. வீட்டில் புலியாக உறுமுகிற ஸ்டோர் கீப்பர், ஒவ்வொரு உறுமலுக்கும் மனைவியின் முந்தானையைப் பிடித்தார். இதைப் பார்க்கச் சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நான்காவது வரிசையில் தன் ரிப்பேர் செட் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். வெல்டர், கிரேன்காரர், இன்னும் மூன்று பேர், இவர். நிலையத்தில் எங்கே குழாய் கசிந்தாலும் முதலில் உள்ளே போகிற ஆறு பேர். அவர்களுடைய மனைவிகள் அவர்களுக்கு நேர் பின்வரிசையில் இருந்தார்கள். கிரேன்காரர் மனைவிக்கு ஏழாம் மாதம். காலை நீட்டி வசதியாக உட்கார அவளுக்கு மட்டும் இரண்டு நாற்காலி கொடுத்திருந்தோம்.

அப்போதுதான் படத்தில் அந்தச் சத்தம் வந்தது. டிக். டிக். யாரோ ஒருவர் கதிர்வீச்சு மீட்டரோடு கடற்கரையில் நடக்கிறார் போலிருக்கிறது. அவர் நடக்க நடக்கச் சத்தம் நெருங்கி நெருங்கி, கடைசியில் டிக்டிக்டிக் என்று ஒரே ஓட்டமாக ஓடியது.

ஹாலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடது மார்பைத் தொட்டார்கள்.

எங்களுக்கு இது புதிதில்லை. நிலையத்துக்குள் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு பேட்ஜ் செருகியிருப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதுதான் சொல்லும். மீட்டர் சத்தம் கேட்டால் முதலில் பேட்ஜ் இருக்கிறதா என்று கை தானாகப் போகும், அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். விடுமுறை நாளில், பையே இல்லாத பனியனைத் தொட்டுப் பார்த்த தங்கள் கைகளை அவர்களே பார்த்தார்கள். ஹாலே வெடித்துச் சிரித்தது. "ஏய், உனக்கும் போச்சா கை!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது நான்காவது வரிசை கண்ணில் பட்டது. அங்கே ஒரு கையும் அசையவில்லை. ஆறு பேரும் கைகளை மடியில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு லைட்டர் டிக் டிக் என்று அடிக்கும். நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம், சாப்பாட்டு மேசையில் இருக்கிற இவர் கை மார்புக்குப் போகும். "பாத்து, அடுப்புலேருந்து கதிர் வந்துடப்போகுது" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். கடைசியாக எப்போது செய்தேன்? யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்தக் கை எழவில்லை. கட்டினவள் கண்ணில் இது படவில்லையே!

ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. பையில் பேட்ஜ் இல்லாமலே உள்ளே போய்ப் பழகிவிட்ட கைகள் அவை. பேட்ஜில் அளவு தாண்டினால் அந்த ஆள் உள்ளே போகக் கூடாது. புது ஆளைப் பழக்க வேண்டும், வேலை நிற்கும், மேலிடம் கேள்வி கேட்கும். பேட்ஜையே வெளியே வைத்துவிட்டுப் போனால் கேள்வியும் இல்லை, கணக்கும் இல்லை. பேட்ஜ் சுத்தமாக இருக்கும். ஆள் எப்படி இருப்பான் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கண்ணைத் திருப்பினேன். வரிசை ஓரத்தில் அவர்களுடைய சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அவரும் படம் பார்க்கவில்லை. அந்த ஆறு பேரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு அவர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இடைவேளையில் எல்லாரும் டீ வாங்க முண்டியடித்தபோது, இவரைக் கையைப் பிடித்து ஹாலுக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துப்போனேன்.

"பேட்ஜ் எங்கங்க?"

"எந்த பேட்ஜ்?"

"என்கிட்ட நடிக்காதீங்க. எல்லாருக்கும் கை போச்சு, உங்க ஆறு பேருக்கும் போகல."

இவருக்குப் பொய் சொல்ல வராது. கழுத்தைத் தடவிக்கொண்டார். "அவரு மேசை டிராயர்ல வெச்சிட்டுப் போகச் சொல்லுவாரு சூப்பர்வைசர். வெளிய வந்ததும் திருப்பிக் குடுத்துடுவாரு."

"எத்தன நாளா?"

"கணக்கு யாரும்மா வெச்சா? அந்தக் கசிவு அடைபடவே மாட்டேங்குது. நாளைக்குக் காலைல ஒரு தடவ உள்ள போனா முடிஞ்சிரும்."

"போன தடவையும் இதையேதான சொல்லியிருப்பாங்க? போகாதீங்க. நாளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நான் போகலன்னா அஞ்சு பேரும் மாட்டுவாங்க. வேல போனா வீட்டக் காலி பண்ணணும். கிரேன்காரன் பொண்டாட்டிய இந்த நெலமைல எங்க கூட்டிட்டுப் போவான்?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏன் இப்படிப் பாக்குற? இது என்ன ஒட்டிக்கிட்டு வர்ற வியாதியா? நல்லாக் குளிச்சிட்டுத்தான வீட்டுக்கு வர்றேன்."

அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு முந்திக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், சுவர் ஓரமாக டீ டம்ளரோடு சூப்பர்வைசர் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"படம் ஆரம்பிக்கப் போறாங்க டீச்சரம்மா," என்றார் மிகவும் மரியாதையாக. "நீங்களும் கொஞ்சம் திரும்பி உக்காந்து பாருங்க. சும்மா ஜனங்களையே பாத்துக்கிட்டிருந்தா கதை எப்படிப் புரியும்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு முன்னால் உள்ளே போனார். நான் என் முக்காலிக்குப் போனேன்.

இரண்டாம் பாதியில் குண்டு மாமா நகரத்துக்குள் நுழைந்துவிட்டது. கட்டடங்கள் சரிகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அப்போது படத்தில் ஏதோ ஒரு பெரிய அதிகாரி பேச ஆரம்பித்தார்: "பொதுமக்கள் பயப்படத் தேவையில்லை. எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது." ஹாலே கொல்லென்று சிரித்தது. நான்காவது வரிசைதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது. நகைச்சுவைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மேலே இருக்கிறவர் பார்க்கிறாரே என்று சிரிக்கிற சிரிப்பு. இவரும் சிரித்தார். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்து நின்றேன். "லைட்டப் போடுங்க!"

வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. முந்திரிக்கொட்டை என்ன ஏது என்று கேட்காமலே ஸ்விட்சைப் போட்டுவிட்டார். படம் நின்றது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"நாலாவது வரிசைல இருக்கறவங்க ஆறு பேரும் பேட்ஜ டிராயர்ல வெச்சிட்டுத்தான் உள்ள போறாங்க. மழை முடிஞ்சதுலேருந்து போறாங்க. நாளைக்கும் போகச் சொல்லியிருக்காங்க. இதுல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். பொய்யின்னா அவங்களே எழுந்து சொல்லட்டும்."

ஆறு பேரில் ஒருவரும் எழவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால், அந்த இடத்திலேயே எல்லாம் மாறியிருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சூப்பர்வைசர்தான் பேசினார். எழக்கூட இல்லை. "பாவம், டீச்சரம்மா படம் பாத்து ரொம்ப பயந்துட்டாங்க. யாராவது தண்ணி குடுங்கப்பா."

முதலில் ஸ்டோர் கீப்பர் சிரித்தார். பிறகு அவர் வரிசை, அதற்குப் பின் வரிசை. அப்பாடா, சிரிக்கலாம் என்று யாரோ அனுமதி கொடுத்த மாதிரி ஹால் முழுக்கச் சிரித்தது. நான் இவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், வெல்டரைப் பார்த்தார், பிறகு சிரித்தார். எட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர், ஊரோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். லைட் அணைந்தது. படம் ஓடத் தொடங்கியது.

பின்வரிசையில் இருந்த ஐந்து பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. கிரேன்காரர் மனைவி முன்னால் குனிந்து கணவர் காதில் என்னவோ கேட்டாள். அவர் திரும்பவே இல்லை. மறுபடியும் கேட்டாள்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததில் பாப்பாவுக்கு உதடு பிதுங்கிவிட்டது. நான் பிடிப்பதற்குள் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, நான்காவது வரிசைக்குப் போய் அப்பாவின் மடியில் ஏறப் பார்த்தாள். தினமும் ஏறுகிற மடிதான்.

"வேண்டாம்டா. பக்கத்துல உக்காரு," என்றார் இவர்.

அவள் கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொற்றினாள். இவர் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார், அவள்மேல் பட்டுவிடாமல். திரையின் சிவப்பு வெளிச்சத்தில், நன்றாகக் குளித்துவிட்டு வந்த அந்தக் கைகள் அப்படியே நின்றன. முகம் மட்டும் என்னைத் தேடியது. "வா, இவளத் தூக்கிக்க" என்பது போல வாய் அசைந்தது.

நான் குழந்தைகளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "மறைக்குது டீச்சர், உக்காருங்க!"