சோத்தாங்கைப் பக்கம்

எங்கள் ஊர் வளர்பிறை நற்பணி மன்றத்துக்காரர்களுக்கு விவஸ்தையே கிடையாது. 1984ஆம் வருடப் பொங்கலுக்குக் கோலப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி என்று நிறுத்திக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டில் டிரையத்லான் என்று ஒன்று வந்திருக்கிறதாம், அதை வெண்ணந்தூர்ப் பக்கம் கொண்டுவருகிறோம் என்று இரண்டு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். ஏரியில் நீந்த வேண்டும். ஏறி வந்த கையோடு சைக்கிளில் ராசிபுரம் போய்த் திரும்ப வேண்டும். சைக்கிளைப் போட்டுவிட்டு ஏரிக்கரை மேலேயே ஓடி மாரியம்மன் கோவில் முன்னால் முடிக்க வேண்டும். தமிழில் பெயர் வைக்கிறோம் என்று 'மும்முனைப் போட்டி' என்று போட்டதில், பாதி ஊர் இடைத்தேர்தல் என்று நினைத்து யார் யார் நிற்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

நோட்டீஸின் அடியில் கொட்டை எழுத்தில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று இருந்தது. நான் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். சின்ன வயதிலேயே கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவள். எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சரி, நான் போக முடியாது, என் சார்பில் ஒருவரை அனுப்பலாம் என்று பார்த்தால், அனுப்புவதற்கு எனக்கு வாய்த்தது அந்த மனுசன்தான்.

பெயர் மருதாசலம். வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் குற்றமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், தூரத்து மாமன் முறை. திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர் வேலை. கை அவ்வளவு சுத்தம். ஆனால் எதையும் முழுசாக முடிக்க மாட்டார். ஒரு லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதச் சொன்னால், 'ஒலி எழு' வரைக்கும் எழுதிவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் லாரி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்விட்டது. டீ ஒன்றைத்தான் அவர் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை.

அந்த மனுசனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னபோது, என் அப்பா சின்னுசாமிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அவருக்கு என்னப்பா கொறச்சல்?" என்றேன்.

"கொறச்சல் ஒண்ணுமில்ல சாமி. எல்லாம் பாதிப்பாதி இருக்குது. காலேசு பாதி, டைப்பு பாதி. கோழிப்பண்ணைக்குச் செவுரு வெச்சான், கூர போடல. நாளைக்குத் தாலி கட்டறப்ப ரெண்டு முடிச்சப் போட்டுட்டு டீக் குடிக்கப் போயிட்டான்னா நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"அந்த ஏரிப் போட்டியில மூணையும் முடிச்சாருன்னா?"

"முடிச்சான்னா வார முகூர்த்தத்துலயே கட்டி வெக்கறேன். கடைசியா வந்தாலும் செரி, முடிச்சாப் போதும். முடிக்கலீன்னா ஃபேர்லேண்ட்ஸ்காரங்களுக்குச் செரின்னு சொல்லிப்போடுவேன். அப்பறம் நீ மூச்சு உடக்கூடாது."

ஃபேர்லேண்ட்ஸ் மாப்பிள்ளைக்குச் சேலத்தில் மாடி வீடு, கார் எல்லாம் இருந்தன. பெண் பார்க்க வந்த அன்றே, "கல்யாணத்துக்கப்பறம் இந்த டிரில்லெல்லாம் எதுக்குங்க" என்று என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துக் கேட்ட புண்ணியவான். அந்த விசிலைக் கழற்றி வைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் நான் கிணற்றிலேயே குடியிருப்பேன். அப்பாவிடம் "செரி" என்றேன். அம்மாதான் சாட்சி.

விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுசன் கொஞ்சமும் பதறவில்லை. "ஆகட்டுமுங்க, முடிச்சுப் போடலாமுங்க" என்றார். எந்தக் காரியத்தையும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

மார்கழி மாதம் பூராவும் பயிற்சி. ஏரியில் இவரை இறக்கிவிட்டு நான் கரையில் நின்று விசில் ஊதினால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலேயே வைத்துக்கொண்டோம். நல்ல அகலமான வட்டக் கிணறு. மார்கழி விடியற்காலையில் மேலே பல் கிடுகிடுக்கும், கிணற்றுத் தண்ணீர் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். அவர் சுவரைச் சோத்தாங்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி சுற்றிச் சுற்றி நீந்துவார். நான் மேட்டில் நின்று விசில் ஊதுவேன். அப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துத் தின்றபடி வேடிக்கை பார்ப்பார். "இன்னிக்காவது டீத் தண்ணி கேக்கறானா பாரு" என்பார்.

அப்பா இருக்கும்போது அவரை நான் 'பெயின்டருங்க' என்றுதான் கூப்பிடுவேன். அப்பா மடை திருப்பிவிடப் போனால், 'மாமா'. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து தலை உடனே மேலே வரும். விசிலுக்குக்கூட அப்படி வந்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், வெளியில் காட்டிக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகத் திட்டுவேன்.

சைக்கிள் பயிற்சிதான் கண்கொள்ளாக் காட்சி. முன்னால் அவர் கேரியர் வைத்த சைக்கிளில் மிதித்துப் போவார். பின்னால் நான் அப்பாவின் மொபட்டில். ராசிபுரம் ரோட்டில் இத்தனை டீக்கடை இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு கடை வரும்போதும் சைக்கிள் தானாக வேகம் குறையும். நான் ஹாரனை அமுக்குவேன். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்ப்பார்கள். "பொழுது எறங்கினப்பறம் குடிக்கலாமுங்க, மிதிங்க" என்று நான் கத்த, அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மிதிப்பார். பொங்கல் நெருங்க நெருங்க ஹாரன் குறைந்தது. அப்பாவுக்குக் கடலைக்காய் தின்கிற உற்சாகமும் குறைந்தது. இந்த ஆள் முடித்தாலும் முடித்துவிடுவான் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

போட்டியன்று ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரை முழுக்கச் சனம். சவுண்டு சர்வீஸ் மணியன் பனைமரத்தில் குழாய் கட்டி, ஒன்றை ஊர்ப் பக்கமும் ஒன்றை ராசிபுரம் பக்கமும் திருப்பி வைத்திருந்தான். ஏரிக்குள்ளே தூரத்தில் ஒரு காலித் தார் டிரம்மை மிதக்கவிட்டுச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அப்பா விவரமானவர். ஃபேர்லேண்ட்ஸ்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் குடும்பத்தோடு காரில் வந்து பந்தலில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேட்டுப் போட்டதும் எல்லோரும் குதித்தார்கள். முதலில் போனது யார் என்கிறீர்கள்? நம் ஆள்தான். கையை வீசி வீசிப் போகிறார், கரையெல்லாம் விசில். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் லேசாகப் பீச்சாங்கைப் பக்கம் ஒடித்தார். ஏதோ பாசியைத் தவிர்க்கிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஒடித்தார். அப்புறம் முழுசாக வளைந்து கரையைப் பார்த்து வந்தார். மறுபடி வளைந்து கொடியைப் பார்த்துப் போனார். நடு ஏரியில், சுவரும் இல்லை ஒன்றும் இல்லை, எங்கள் கிணற்றின் அகலத்துக்கு அச்சுப் பிசகாமல் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வட்டத்தை ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம் பூராவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றியே பழகிய உடம்பு. தலையை உள்ளே அமுக்கிக்கொண்டால் அது கிணற்றில்தான் இருக்கிறது. படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த டிரில் டீச்சருக்கு, ஏரிக்குச் சுவர் இல்லை என்கிற புத்தி இல்லாமல் போய்விட்டது.

"பெரதட்சணம் பண்றானாட்ட இருக்குது" என்று யாரோ சொல்ல, கரையே சிரித்தது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். காவலுக்கு விட்டிருந்த பரிசல் மற்றவர்களோடு கொடிப் பக்கம் போய்விட்டது. மணியன் மைக்கில், "ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர், நேராப் போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஏழாம் நம்பர் மூன்றாவது வட்டத்தை ஆரம்பித்தது.

அவர் அங்கேயே சுற்றிக் களைத்து ஏறிவிட்டால் அவ்வளவுதான். பந்தலில் அந்த மாப்பிள்ளை கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் விசிலைப் பார்ப்பது தெரிந்தது. அடுத்து நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. மணியன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

"மாமா."

பனைமரத்துக் குழாய் இரண்டும் சேர்ந்து அதைச் சொன்னது. ஏரிக்கு அந்தப்பக்கக் கரையில் பட்டு இன்னொரு தரம் திரும்பி வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலை உடனே மேலே வந்தது.

"சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க மாமா. இன்னுங் கொஞ்சம். அவ்வளவுதான். அப்படியே நேரா. ஐயோ பீச்சாங்கைக்குப் போறீங்க மாமா, சோத்தாங்கை, சோத்தாங்கை."

அவர் திரும்பினார். நான் சொல்லச் சொல்ல நேராகப் போனார், கொடியைத் தொட்டார், நான் சொல்லச் சொல்லவே திரும்பி வந்தார். கடைசியாகத்தான் கரை ஏறினார். ஏறியதும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். பந்தல் பக்கம் கார்க் கதவுகள் படார் படாரென்று சாத்துவது கேட்டது. ஃபேர்லேண்ட்ஸ் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அப்பா மெதுவாக என்னிடம் வந்தார்.

"மைக்குல என்ன சாமி சொன்னே?"

"சோத்தாங்கைன்னு சொன்னேனுங்கப்பா."

"அதுக்கு முன்னால."

நான் மைக்கை மணியன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"ராசிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். இனி அவன் முடிக்காம வந்தான்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போவேன்? மொபட்டு எங்க நிக்குது?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் அப்பா.

அதற்கப்புறம் கோவில் முன்னால் காத்திருந்த நேரம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். ஒவ்வொருவராகச் சைக்கிளில் வந்தார்கள், ஓடினார்கள், முடித்தார்கள். இளம்பிள்ளையிலிருந்து வந்த நெசவுக்காரர் ஒருவர் முதலில் வந்து எவர்சில்வர் குடம் வாங்கிப் போனார். மன்றத் தலைவர் பேசினார். முடிவுக் கோட்டு ரிப்பனைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள், பந்தலைப் பிரித்தார்கள். மணியன் வயரைச் சுற்ற ஆரம்பித்தான். எனக்கு ராசிபுரம் ரோட்டு டீக்கடைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து போயின. "வந்துருவாரு, கம்முனு இரு" என்று அம்மா என் முதுகைத் தடவினாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. விடாமல் அமுக்கிக்கொண்டே வருகிற ஹாரன். முன்னால் சைக்கிள், பின்னால் மொபட்டில் அப்பா. "மிதி மாப்பிள, மிதி" என்று அவர் போடுகிற சத்தம் ஹாரனையும் மீறிக் கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு இவர் கரையில் ஓட ஆரம்பித்ததும், அப்பா மொபட்டைக் குறுக்கு வழியில் விட்டு எனக்கு முன்னால் வந்து நிறுத்தினார்.

"நான் போறப்ப கடசி டீக்கடைல நிக்கறான் சாமி. சைக்கிள உட்டு எறங்கி பாய்லரையே பாத்துட்டு நிக்கறான். ஆனாக் குடிக்கல" என்றார். மூச்சு வாங்கியது. குரலில் ஒரு பெருமை இருந்தது. "ரிப்பன் எங்க?"

"சுருட்டிட்டுப் போயிட்டாங்கங்க" என்றான் மணியன்.

"கோடு இல்லாம எங்கடா முடிப்பான்?" என்று அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். சந்தையில் யாருக்கும் இறக்காத துண்டு. ஒரு நுனியை மணியன் கையில் கொடுத்தார், மறு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே நின்றார்.

அந்த மனுசன் வந்தார். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, கால் இரண்டும் தள்ளாடியபடி வந்தார். கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. கையில் மைக்கும் இல்லை. அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார், நிமிர்ந்தார், துண்டைப் பார்த்தார், வந்து அதன் மேல் விழுந்தார். அப்பாதான் விழாமல் தாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது" என்றார் அப்பா. அந்தத் துண்டாலேயே அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெட்கம் மானம் எதுவும் இல்லாமல் அம்மா மேல் சாய்ந்துகொண்டு அழுதேன், சிரித்தேன். அதற்குள் மணியன் ஓடிப்போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்திருந்தான். அந்த மனுசன் கோவில் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார்.

பாதியில் நிறுத்தினார். எல்லோருக்கும் முன்னால் டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

அப்பா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் வாங்கி மிச்சத்தைக் குடித்தேன்.