முதுகுவலி என்று சொன்னேன்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு அறைகளைப் பிரிக்கும் பலகை கூரை வரை போகாது. அந்தப் பக்கம் தம்பி தினேஸ் இருமினாலே எனக்குக் கேட்கும். ஆனாலும் அவன் அதைப் போனில் எழுதித்தான் அனுப்பினான்.

"அக்கா கோவிக்காத. ஒரு கொட்டையில கல்லு மாதிரி ஒன்னு இருக்கு. வலிக்கல. பெருசாவுது. அம்மாகிட்ட சொல்லிராத."

வாசித்ததும் அழித்துவிட்டேன், நான் ஏதோ அசிங்கம் பண்ணிவிட்ட மாதிரி.

லுணுகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் முதல் பட்டதாரி நான். கோயில் வாசலில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மாதவிடாய் பற்றிப் பேசப் பெண்களைக் கூட்டி, "இதில் என்ன வெட்கம்?" என்று மைக்கில் கத்தியவள் நான். அடுத்தவர்களுக்குச் சொல்ல வாய் நன்றாகத்தான் வந்தது.

தினேஸுக்கு இருபத்திரண்டு வயது. கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறான். "என்னடா மாப்ள, மூட்டை தூக்கி கொடல் எறங்கிருச்சா?" என்று கூட்டாளிகள் அவன் நடையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும். பேச வேண்டியவள் நான். டொக்டருக்கு என் வயதுதான் இருக்கும். மேசையைச் சுற்றி ஆறேழு நோயாளிகள் துண்டுச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உடம்புக்கு என்ன வருத்தம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சொல்ல வேண்டிய சொல் எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது.

"முதுகுவலி. மூட்டை தூக்குகிற வேலை" என்றேன்.

தினேஸ் திரும்பி என்னைப் பார்த்தான். முதுகு என்பதற்கான சிங்களச் சொல் அவனுக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். மாத்திரையும் பூசுகிற மருந்தும் தந்தார்கள்.

"சரி விடுக்கா. மாத்திரைல கொறைஞ்சிரும்" என்றான் பஸ்ஸில். எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்கு!

நான்கு மாதத்தில் உண்மையாகவே முதுகுவலி வந்தது. நிமிர முடியவில்லை. மறுபடியும் பதுளை. இந்த முறை பர்ஸானா என்ற தாதி தமிழில் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன வெக்கம் தம்பி? நாங்க ஒரு நாளைக்கு இருவது பேர பாக்குற. உங்கட மட்டும் தங்கமா?"

அவன் சிரித்துவிட்டான். டொக்டர் அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். உள்ளே போன பர்ஸானா வெளியே வரும்போது சிரிக்கவில்லை.

ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து பெரிய டொக்டரிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"இது புற்றுநோய்க் கட்டி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் இரத்தத்தில் ஒன்றும் காட்டவில்லை. இளைஞர்களுக்கு வழக்கமாக வருகிற வகை போலவும் இல்லை. அபூர்வமான ஒன்றாக இருக்கலாம். எடுத்துப் பரிசோதித்தால்தான் என்னவென்று சொல்லலாம். முதுகுப் பக்கத்து நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருக்கின்றன. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். முதலில் எப்போது கண்டீர்கள்?"

பர்ஸானா தமிழில் சொல்லி முடிக்கவில்லை, தினேஸ் முந்திக்கொண்டான்.

"ரெண்டு கெழமதான் மிஸ். அக்காவுக்கு ஒன்னுமே தெரியாது."

டொக்டர் இரண்டு வாரம் என்று எழுதினார்.

"அது பொய். எழுத வேண்டாம்" என்றேன் சிங்களத்தில்.

"சும்மா இரு அக்கா."

"உன் போனக் குடுடா."

அவன் அழித்திருக்கவில்லை. மே பன்னிரண்டு. திகதியைச் சொல்லி, அவன் எழுதியதைச் சிங்களத்தில் வாசித்தேன். அன்றைக்கு விழுங்கிய சொல்லையும் வாசித்தேன். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"அதற்கு இரண்டு நாள் கழித்து இங்கே வந்து முதுகுவலி என்று சொன்னது நான்தான். இவன் இல்லை."

டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டுத் திகதியை எழுதினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அப்போது எவ்வளவு பெரிதாக இருந்தது?"

பர்ஸானா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை நான்தான் கேட்க வேண்டும்.

"தினேஸ், அப்ப எவ்ளோ பெருசா இருந்துச்சு?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"கோலிக்குண்டு அளவுதான்க்கா."

"இப்ப?"

விரல்களை மெதுவாக மடக்கி முழு முட்டியையும் காட்டினான்.

இரண்டையும் டொக்டரிடம் சொன்னேன், குரலைத் தாழ்த்தாமல்.