கிரகோரி பூட்டிய பிரேக்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் பழைய காரின் இடது பின்சக்கரத்திலிருந்து கிடைத்தது. மலேசியாவின் யோங் பெங்கில் வீட்டுக்குப் பின்னால் காரை ஜாக்கியில் தூக்கி பிரேக் டிரம்மைக் கழற்றினேன். பிரேக் எண்ணெய் கசிந்து உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. கடையில் ஒரு ரப்பர் கப் வாங்கிவந்து மாற்றினேன். மனைவி ஐலீன் பெடலை மிதித்தாள். அரை நாள் வேலை.

கையைக் கழுவும்போது தோன்றியது: ஜப்பான்காரன் காலத்தில், கடையில் எதுவுமே இல்லாதபோது, இதே வேலையை யாராவது செய்திருப்பார்கள். யாருக்காகச் செய்திருப்பார்கள்?

கேட்காமல் விட்டிருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "1943. பெக்கோக்கை அடுத்த தோட்டத்தில் கித்தா மரங்கள் துயரத்தோடு…"

(ரப்பர் மரங்களுக்கு என்ன துயரம்? விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: கிரகோரி அந்தத் தோட்டத்து லாரி டிரைவர். வெள்ளைக்காரத் துரை தப்பியோடிய பிறகு லாரியும் அவரும் ஜப்பான்காரர்கள் வசமானார்கள். லாரிக் கொட்டகையில் சிப்பாய்கள் குடியேறிவிட்டதால் வண்டி அவருடைய தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால், மனைவி கெர்ட்ரூடின் அடுப்படியை ஒட்டி நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்சக்கரம் ஒன்றின் உட்புறம் நனைந்திருப்பதைப் பார்த்தார். பெடலை மிதித்தால் தரைவரை போனது.

அன்றைக்கே தோட்டத்துக் கணக்கர், கிராணி தங்கராஜு வந்தார்.

"வியாழக்கிழமை வண்டி ஓடணும், கிரகோரி. சிகாமட் ஸ்டேஷனுக்கு இருபத்தாறு பேரு."

"எங்கங்க ஐயா போறாங்க?"

"சயாமுக்கு. ரயில் ரோடு போட."

முன்பு சயாமுக்குப் போன நாற்பது பேரிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

"பிரேக் இல்லீங்க ஐயா. மாத்த சாமானும் இல்ல."

"அப்ப இருபத்தேழாவது பேரு உன்னோடது. நானா எழுதுறேன்? அவனுங்க சொல்றத எழுதுறேன்."

(தங்கராஜுவைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் வந்தபோது ஒரு கன்னம் அறை வாங்கி வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கை வரவில்லை.)

3

டிரம்முக்குள் இருக்கும் சிலிண்டரில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துபவை இரண்டு சின்ன ரப்பர் கப்கள். ஒன்று கிழிந்திருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை கித்தா. புகைக்கூடத்தில் வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கப் மட்டும் கிடையாது.

"அப்படியே விட்டுடுங்க," என்றாள் கெர்ட்ரூட். "ஓடாத வண்டிய வச்சு என்ன பண்ணுவானுங்க?"

"என்னைய ஏத்துவானுங்க."

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "பாதி சரி பண்ணி விட்டா? இங்க பிடிக்கும். இறக்கத்துல பிடிக்காது."

இந்த இடத்தில் அவரை வீரனாக்கிவிட எனக்கு ஆசை. எழுதியும் பார்த்தேன்: "லாரி பெக்கோக் இறக்கத்தில் வேகமெடுத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய் அலறியபடி…"

பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

4

எனக்கு உறைக்கவைத்தவன் பக்கத்து வீட்டு ஐயாசாமி. ரப்பர் மரம் சீவுகிறவன். கருப்பாயியைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்தான். சயாம் பட்டியலில் ஒன்பதாவது பெயர். தன் சைக்கிள் பம்பைப் பிரித்து, உள்ளேயிருந்த தோல் வாஷரைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இது ஆகுமா பாருங்க, டிரைவரண்ணே."

"உன் பம்பாச்சேடா."

"காத்தடிக்க டியூப் எங்கண்ணே இருக்கு?"

கிரகோரி கை நீட்டவில்லை. "எதுக்குன்னு தெரிஞ்சுதான் குடுக்கிறியா?"

"நாங்கதானேண்ணே பின்னால நிக்கப் போறோம். அந்த இறக்கத்துல பிரேக் போனா எல்லாரும் போயிடுவோம். நல்லாப் பூட்டுங்க."

"ஓடிப் போயிடேன்டா. காடு பக்கத்துலதானே இருக்கு."

"நான் ஓடினா கருப்பாயியத் தூக்கிட்டுப் போவானுங்களாம். கிராணி சொன்னாரு."

கிரகோரி வாஷரை வாங்கிக்கொண்டார்.

5

தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, விளிம்பைச் சீவி, சிலிண்டருக்குள் பொருத்திப் பூட்டினார். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக அதே விளக்கெண்ணெயில் கள்ளச் சம்சு சாராயம் கலந்தார். நனைந்த பிரேக் ஷூக்களை அடுப்பில் காட்டி எண்ணெயை எரித்து, மணலால் தேய்த்தார். குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும். கெர்ட்ரூட் ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டிக்கடியில் படுத்தார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்க… ம், விடு. திரும்ப மிதி."

முப்பது நாற்பது முறை. கடைசியில் பெடல் பாதியிலேயே கல்லைப்போல நின்றது.

"நின்னுடுச்சுங்க," என்றாள் கெர்ட்ரூட். சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். அவர் அடியிலிருந்து வெளியே வரவில்லை. வேலை முடிந்திருந்தது. வெகுநேரம் அப்படியே மண்ணில் கிடந்தார்.

(அவர் வேலையை நன்றாகச் செய்திருந்தார். எனக்குப் பொறுக்காதது அதுதான். கொஞ்சம் மோசமான டிரைவராக அவரைப் படைத்திருக்க வேண்டும்.)

6

வியாழக்கிழமை, இறக்கத்தில் பிரேக் பிடித்தது. நான்கு சக்கரமும் சமமாகப் பிடித்தது.

இறக்கம் முடிந்ததும் சாலையின் இருபுறமும் காடு. காவலுக்கு வந்த ஒரே சிப்பாய் சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் புதருக்குப் பின்னால் போனான். கிரகோரி தலையை வெளியே நீட்டினார்.

"ஐயாசாமி. டேய். இப்ப."

இருபத்தாறு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவன் காட்டைப் பார்த்தான். பிறகு அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

சிப்பாய் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பி வந்தான்.

"எடுங்கண்ணே," என்றான் ஐயாசாமி. "போலாம்."

(அவர்களைக் குதிக்கவைக்க மூன்று நாள் முயன்றேன். யார் குதித்தாலும் தோட்டத்தில் ஒருத்தியைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரைக் கொடுப்பது? நான் வெறும் எழுத்துக்காரன். என்னாலேயே அந்தக் கணக்கைத் தீர்க்க முடியவில்லை. அவர்களுக்கு இருந்தது ஒரு நிமிஷம்.)

7

போர் முடிந்தது. இருபத்தாறில் நான்கு பேர் திரும்பினார்கள். ஐயாசாமி இல்லை. எங்கோ ஒரு முகாமில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று திரும்பி வந்தவர்களில் ஒருவன் சொன்னான்.

மறுநாள் கருப்பாயி கிரகோரியின் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு அந்த வண்டி ஓடாம இருந்திருந்தா?"

அவளிடம் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறாள்.

கிரகோரிக்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"வேற வண்டி கொண்டாந்திருப்பானுங்கம்மா." இருக்கலாம். ஆனால் அது அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

"நல்லாப் பூட்டச் சொன்னதே அவன்தாம்மா." உண்மை. சொன்னால் அடுத்து, அவன் ஏன் குதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அவள் எப்படி இருப்பாள்?

"அவர் மௌனமாக…" இல்லை. மௌனம் எங்களைப் போன்ற எழுத்துக்காரர்கள் தப்பித்துப்போகும் வழி. ஒரு பெண் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும்போது அதைச் செய்யக்கூடாது.

இதற்குமேல் என்னிடம் வரிகள் இல்லை. கருப்பாயி வாசலில் நிற்கிறாள். கிரகோரி வாயைத் திறந்துவிட்டார். அவருக்கு ஒரு பதில் தேவை, இப்போதே. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். நேற்றுதான் அவள் தாலியைக் கழற்றியிருக்கிறாள்.