கூரையில் கையசைத்த பெண்

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு துவாலையை விரித்து, அதன் மேல் தம்முடைய தும்பியைப் பாகம் பாகமாகப் பரப்பி வைத்திருந்தார் படக்காரர். தும்பி என்பது தம்முடைய பறக்கும் கேமராவுக்கு அவர் இட்ட செல்லப் பெயர். அதன் இறக்கைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஊதினார், மெல்லிய துணியால் துடைத்தார், மறுபடியும் ஊதினார்.

"என்னை ஒரு நாளாவது இவ்வளவு அக்கறையாப் பாத்திருப்பாரா இந்த மனுஷன்?" என்று அவருடைய மனைவி நாத்தனாரிடம் கேட்டாள்.

"உங்களுக்கு ரெக்கை இல்லையே அண்ணி," என்றாள் தங்கை.

படக்காரர் சிரித்தாரே தவிர, தலையைத் தூக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுத் திருமணங்களைப் படம் பிடித்தே தலை நரைத்தவர் அவர். தங்கை கடல் கடந்து வந்து குடியேறிய நாள் முதல், "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்று தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் மனம் வந்து, மனைவியோடு விடுமுறைக்கு வந்திருந்தார். மனம் வந்ததற்குத் தும்பியும் ஒரு காரணம். வெளிநாட்டு வானத்திலிருந்து எடுத்த படமொன்றைத் தம் கடை வாசலில் பெரிதாக மாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை.

தங்கையின் கணவர் ஊரின் பெரிய மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தார். மச்சான் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அறியாதவர். ஆயினும் வந்த அன்றே, தயங்கித் தயங்கி ஒரு சொல் சொல்லிவைத்தார்.

"மச்சான், இங்க இதைப் பறக்கவிடணும்னா முன்னாடியே பேரைப் பதியணும். சில இடத்துல விடவே கூடாது. எங்க ஆஸ்பத்திரிப் பக்கம் கண்டிப்பா வேண்டாம். எனக்கு லீவு வரட்டும், நானே கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சு தரேன்."

"நாலு நிமிஷம் மேல போயிட்டு வரப் போகுது. இதுக்குப் போய்ப் பதிவா? யாரு மாப்பிள்ளை கேப்பா?"

'யாரு கேப்பா' என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். ஊரில் பள்ளிக்கூடத்தின் மேலும் பேருந்து நிலையத்தின் மேலும் தும்பியை விட்டிருக்கிறார். உண்மையில் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பதிலாக, கீழே நின்றவர்கள் அனைவரும் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு முறை காவல்துறை அதிகாரி ஒருவரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையசைத்தார். கேமராவைக் கண்டால் மனிதர்கள் மகிழ்கிறார்கள் என்பது அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

மறுநாள் மாலை, மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேகத்தின் கீழ் விளிம்பு பிளந்து, ஊர் முழுவதும் பொன் நிற வெயில் விழுந்தது. அப்படிப்பட்ட வெளிச்சத்தைக் கண்டபின் படக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தும்பியை எடுத்துக்கொண்டு, துணி உலர்த்தும் மொட்டைமாடிக்கு ஏறினார். மாப்பிள்ளை பணியில் இருந்தார்.

"அண்ணா, அவர் வரட்டுமே," என்றாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தங்கை.

"மாப்பிள்ளை வர்ற வரைக்கும் இந்த வெயில் காத்திருக்குமா?"

தும்பி எழும்பியது. கைக்கருவியின் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. விளம்பரங்களைத் தள்ளுவதுபோல அதையும் விரலால் தள்ளிவிட்டார். ஓட்டுக் கூரைகள், ஈரச் சாலை, வரிசையாக நின்ற மரங்கள் எல்லாம் திரையில் விரிந்தன. அவற்றுக்கு அப்பால் வெள்ளையாக ஓர் உயர்ந்த கட்டடம். அதன் தட்டையான கூரையில் பெரிய வட்டமொன்று வரையப்பட்டிருந்தது. வட்டத்தின் நடுவில் சீருடை அணிந்த பெண் ஒருத்தி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடே! இங்க பாரும்மா, எவ்வளவு ஆசையாக் கையாட்டுறா! எந்த நாடா இருந்தா என்ன, மனுஷங்க மனுஷங்கதான்," என்று படக்காரர் நெகிழ்ந்து போனார். அந்த ஆசையை வீணாக்கலாகாது என்று தும்பியை இன்னும் தாழ்த்தி, அவளருகில் கொண்டுபோனார். அவள் மேலும் வேகமாகக் கையசைத்தாள். அவர் மேலும் அருகில் போனார்.

அப்போது தங்கையின் தொலைபேசி ஒலித்தது. கையில் துணி இருந்ததால் அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நான் வர லேட்டாகும்," என்றது மாப்பிள்ளையின் குரல். மூச்சு இரைத்தது. "வயித்துப் புள்ளையோட ஒரு பொண்ணை எலிகாப்டர்ல கொண்டு வராங்க. ரொம்ப ரத்தம் போயிருக்கு. நாங்க எல்லாம் கீழ தயாரா நிக்கிறோம். ஆனா எலிகாப்டர் இறங்க முடியாம சுத்திக்கிட்டே இருக்கு. எவனோ ஒரு புண்ணியவான் கூரைக்கு மேல பொம்மை விட்டு விளையாடிக்கிட்டு இருக்கான்!"

தொலைவில் கடகடவென்று ஒரு சத்தம் முன்பே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது என்ன சத்தம் என்று படக்காரருக்கு இப்போதுதான் விளங்கியது.  உடனே தும்பியைத் திருப்பினார். அது வந்து மொட்டைமாடியில் இறங்குவதற்குள், அவருக்கு ஓர் ஆயுளே கழிந்தாற்போல் இருந்தது. அது இறங்கிய சிறிது நேரத்தில், அந்தக் கடகடச் சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வந்து, காலணியைக் கழற்றும்போதே செய்தி சொன்னார்.

"பொழைச்சுட்டாங்க. தாயும் சரி, புள்ளையும் சரி. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா சொல்ல முடியாதுன்னாங்க டாக்டர். அந்தப் பொம்மைக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மூவர் முகத்தையும் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த தும்பியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் படக்காரர்.

மாப்பிள்ளை இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் கிடைத்தால் என்ன செய்வதாக இருந்தாரோ, அது மச்சானிடம் செய்யக்கூடியதாக இல்லை. கடைசியில், "போலீஸ் தேடுது மச்சான். இந்த வீட்டுல இருந்து போச்சுன்னு தெரிஞ்சா என் வேலை என்னாகும்னு எனக்கே தெரியலை," என்றார்.

தங்கை அண்ணனின் தோளைத் தொட்டாள். அவளுக்கு ஒரு பக்கம் கணவரின் வேலை. மறு பக்கம், பார்க்கமாட்டோமா என்று ஏங்கி வரவழைத்த அண்ணன். "அந்தப் படத்தை அழிச்சிடலாம்ணா. இதைப் பிரிச்சுப் பெட்டியில போட்டுடலாம். உயிர்ச்சேதம் ஒண்ணும் இல்லையே. இனிமே யாரு கேப்பா?"

தம்முடைய சொல் தங்கையின் வாயிலிருந்து வந்தபோது படக்காரர் திடுக்கிட்டார். எனினும் அவள் சொன்னபடி அழித்துவிடத்தான் அவர் முதலில் எண்ணினார். அழிப்பதற்கு முன் ஒரு முறை பார்ப்போமே என்று, கணினியின் பெரிய திரையில் படத்தை ஓடவிட்டார். கூரை வந்தது. வட்டம் வந்தது. சீருடைப் பெண்ணின் முகம் திரை நிறைய வந்தது. அவர் அதை அப்படியே நிறுத்தினார்.

அது மகிழ்ந்த முகமன்று. கண்கள் தும்பியையும் அதற்குப் பின்னால் இருந்த வானத்தையும் மாறி மாறிப் பார்த்து மிரண்டிருந்தன. வாய், 'போ, போ' என்று கத்திக்கொண்டிருந்தது. கன்னங்கள் நனைந்திருந்தன.

"எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன்," என்றார் படக்காரர், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல. "பொண்ணு சந்தோஷத்துல அழறாளா, பயத்துல அழறாளான்னு தூரத்துல இருந்தே சொல்லிடுவேன். இவ அழறது எனக்குத் தெரியலையே! என்னைப் பாத்துக் கையாட்டுறான்னு நினைச்சுட்டேனே!"

மனைவி அருகில் வந்து நின்றாள்.  தும்பியை எடுத்து, அதன் உறையில் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"விடிஞ்சதும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. அவர் வேலைக்கு ஒண்ணும் வராதபடி, எல்லாத்தையும் உங்க வாயாலயே சொல்லிடுங்க."

காலையில் மாப்பிள்ளையோடு அவர் மருத்துவமனைக் காவல் அறைக்குச் சென்றபோது, அந்தப் பெண்ணே அங்கு இருந்தாள். பருத்த உடல், நடுவயது, மேசையில் பாதி குடித்த தேநீர். படக்காரர் தம் ஊர்ப் பழக்கத்தில் இரு கைகளையும் குவித்துக்கொண்டு பேசினார். மாப்பிள்ளை அதை அந்நாட்டு மொழியில் சொன்னார். மாப்பிள்ளை தடுத்ததையும், தாம் கேளாததையும், எச்சரிக்கையை விரலால் தள்ளியதையும் விடாமல் சொல்லச் சொன்னார் படக்காரர். "என்னைக் காப்பாத்தறதுக்காக எதையும் குறைச்சுச் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நீளமாக ஏதோ சொன்னாள்.

"ஏன் பக்கத்துல பக்கத்துல வந்தீங்கன்னு கேக்கறாங்க மச்சான். அதுதான் அவங்களுக்குப் புரியவே இல்லையாம்."

"எங்க ஊர்க் கல்யாணத்துல எல்லாரும் இப்படித்தான் கையாட்டுவாங்கன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை சொன்னார். அவள் முகம் இறுகியது. பிறகு, அடக்க முடியாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அடுத்த தடவை கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க, அங்க வந்து கையாட்டறேன்; என் கூரைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்கன்னு சொல்றாங்க."

காவல்துறையினர் வந்தார்கள். தும்பி அவர்கள் வசம் போனது; அபராதமும் விதித்தார்கள். தாமாக வந்து ஒப்புக்கொண்டதால் விஷயம் அத்துடன் முடிந்தது. மாப்பிள்ளையின் வேலைக்கு ஊறு நேரவில்லை. திரும்பும் வழியில், "தும்பியைப் பிரிஞ்சது கஷ்டமா இருக்கா மச்சான்?" என்று அவர் கேட்டார். "உங்க தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தப்பகூட நீங்க இப்படி வருத்தப்படலையேன்னு வீட்டுல கேப்பாங்க, பாருங்க," என்றார் படக்காரர். இருவரும் சிரித்தார்கள்.

ஊர் திரும்பிய பிறகு அவர் வேறொரு தும்பி வாங்கினார். அதைக் கொண்டு எடுக்க வேண்டிய முதல் திருமணத்தில், பக்கத்து வீட்டு மாடிக்கு மேலே கொண்டுபோய் மண்டபத்தைப் படம் எடுக்கும்படி மணமகனின் தந்தை வற்புறுத்தினார்.

"அட, சும்மா விடுங்க. யார் கேக்கப் போறா?"

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன் ஐயா," என்றார் படக்காரர். "கேக்க வேண்டியவ வலியோட ஆகாசத்துல சுத்திக்கிட்டு இருந்தா. அவ எங்கேருந்து வந்து என்னைக் கேப்பா? யாரும் தடுக்கலைங்கிறதை நாமே அனுமதியா எடுத்துக்கக் கூடாதுங்க. சட்டம் நம்ம கையைக் கட்டிப்போட வந்ததில்லை. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒருத்தருக்கு வழி விடச் சொல்லத்தான் வந்திருக்கு."

சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு நடந்து, அழைப்பு மணியை அழுத்தி, கதவு திறக்கும்வரை காத்து நின்றார்.