கூட்டிச் சொன்ன மூன்று வயது

வீடு பார்ப்பதற்கு முன்னால் பணத்துக்கு வழி பண்ணு என்று அன்னபுஷ்பம் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "சொசைட்டில லோனு தருவாங்களான்னு மொதல்ல கேட்டுக்கினு வா. அப்பால வூடு பாரு." பெரியநாயகம் கேட்டால்தானே! பென்னலூரில் அந்த ஓட்டு வீட்டைக் கண்டதும் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. வேறொருவன் கொத்திக்கொண்டு போய்விடுவானென்று பயந்து, பெண்டாட்டியின் கழுத்துச் சங்கிலியை விற்று, வீட்டை விற்கிற முனிரத்தினத்திடம் அட்வான்ஸ் கொடுத்தான். மூன்று மாதத்தில் மீதியைத் தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று பத்திரத்தில் கையெழுத்தும் போட்டான். குடியிருந்த வாடகை வீட்டை முப்பதாம் தேதி காலி பண்ணுவதாகச் சொல்லி, அங்கே குடிவர வேறு ஆளும் பேசி முடித்தாயிற்று.

அதற்கப்புறம்தான் கம்பெனியின் வீட்டுக்கடன் சங்கத்துக்குப் போனான். குமாஸ்தா ரகுபதி சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினான்.

"அண்ணே, தவண பதினஞ்சு வருஷம். உனக்கு வயசு நாப்பத்தாறு. ரிடையராவ பன்னெண்டு வருஷந்தான் கீது. லோனு வராது."

 பெரியநாயகத்தின் நிஜ வயது நாற்பத்து மூன்று. அப்பா செத்த வருஷம், பதினைந்து வயதில், பதினெட்டு என்று மணியக்காரரிடம் பொய்ச் சான்றிதழ் வாங்கித்தான் வார்ப்படக் கம்பெனியில் சேர்ந்தான். அந்தப் பொய் இருபத்தெட்டு வருஷம் சோறு போட்டது. பாழாய்ப்போனது இப்போதா வந்து கழுத்தை நெரிக்க வேண்டும்!

மறுநாளே மாதா கோயிலுக்கு ஓடினான். சாமியாரிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதி வாங்கி வந்து ரகுபதியின் மேஜைமேல் வைத்தான். ரகுபதி படித்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இத ஃபைல்ல வச்சா, பொய் சொல்லி வேலைக்கு சேந்தேன்னு உன்னத் தூக்கிருவாங்க. பேசாம எடுத்துக்கினு போண்ணே."

அட்வான்ஸையாவது திருப்பித் தரச் சொல்லி முனிரத்தினத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "பத்திரத்துல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உள்ளே போய்விட்டார்.

அன்னபுஷ்பம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே சான்றிதழை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"யார் கண்ணுலனா பட்டா கஞ்சிக்கும் வழி இருக்காது. அடுப்புல போடு."

போட்டான். எரிந்து முடிகிற வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பதாந்தேதி இந்த மூட்டய எங்க தூக்கிக்கினு போறது?" என்று அவள் கேட்டாள்.

நாற்பத்தாறு வயதுக்காரன் குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான்.